லேசர்ல எடுத்தாச்சு

தப்பு என் மேல இல்லை. எங்காத்துல யாரைக் கேட்டாலும் "அனந்தலக்ஷ்மியோட வாய்தான் எல்லாத்துக்கும் காரணம்"னு சொல்லுவா. சொல்லிட்டுப் போகட்டும். நடந்ததை நடந்தபடி சொல்றேன், கேட்டுட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாங்கோ.

எனக்கு ஒரே பிள்ளை, ஸ்ரீநிவாஸ். முப்பத்தஞ்சு முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. டெக்னோபார்க்ல கம்ப்யூட்டர் வேலை. கார்த்தால நாற்காலில உக்காந்தான்னா விளக்கு வெக்கற நேரத்துக்குதான் எழுந்துப்பான். மத்தியானம் கேன்டீன்ல புரோட்டா. ஆத்துல கீரை மசிச்சுப் போட்டா தட்டு ஓரத்துல ஒதுக்கி வெச்சுட்டு, "மதி அம்மா, மதி"ம்பான். மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளை, போறும்னு சொல்லவே வராது. தண்ணி குடிடான்னு நான் சொல்லாத நாள் கிடையாது. நான் சொன்னா யார் கேக்கறா?

கல்யாணம் மட்டும் அமையவே இல்லை. ஒரு பொண்ணுக்கு பெங்களூர் வேணும், இன்னொருத்திக்கு கனடா வேணும். கரமனைல அப்பா அம்மாவோட இருக்கற பிள்ளைன்னு சொன்ன உடனே போனை வெச்சுடறா. அவன் ரூம் கதவைச் சாத்திண்டு லேப்டாப்ல எதையோ பாத்து தனியாச் சிரிப்பான். கூடச் சிரிக்க ஒரு ஆள் வேண்டாமா அவனுக்கு?

இந்த நெலமைல மிதுன மாசம், அதாவது நம்ம ஆனில, ஒரு நாள் செண்பகவல்லி போன் பண்ணினா. எங்காத்துக்காரரோட சித்தப்பா பொண்ணு அவ. எந்தத் தெருவுல யாருக்குக் கல்யாணம் ஆகலைன்னு கேட்டா தூக்கத்துலயும் சொல்லுவா.

"மன்னி, வலியசாலைல ஒரு பொண்ணு இருக்கு. விஷ்ணுப்ரியா. முப்பத்திரண்டு வயசு. பேங்க்ல ஆபீசர். அப்பா தாணுமாலயன், சுசீந்திரத்துக்காரர், ஸ்கூல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா கெடையாது. கர்க்கடகம், அதான் ஆடி, பொறந்துட்டா ஒரு மாசம் பேச்சே எடுக்கப்படாது. அதுக்கு முன்னால அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்துடுங்கோ."

"ஜாதகம் அனுப்பு."

"ஜாதகம் கெடக்கட்டும் மன்னி. முதல்ல நேர்ல பாருங்கோ. பிடிச்சா மிச்சத்தைப் பேசிக்கலாம்."

செண்பகவல்லி ஜாதகம் இல்லாம ஒரு வரனைச் சொல்றாள்னா அதுல ஏதோ இருக்குன்னு எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். உறைக்கலை. ஏன்னா அந்த நேரத்துல எங்காத்துலயும் மறைக்கறதுக்கு ஒரு விஷயம் இருந்தது.

அது என்னன்னா, அதுக்கு மூணு நாள் முன்னாலதான் எங்காத்துக்காரர் சமையல் உள்ளுக்கு வந்து, என் முகத்தைப் பாக்காம காஸ் அடுப்பைப் பாத்துண்டு சொன்னார்: "சீனுவுக்கு மூலமாம். ஒரு வருஷமா இருக்காம். இப்ப ரத்தம் போறதாம்."

ஒரு வருஷம். பெத்தவகிட்ட சொல்லாம ஒரு வருஷமா மறைச்சு வெச்சிண்டிருக்கான். எனக்கு வந்த கோபத்துல அவனை நாலு சாத்து சாத்தலாம்னு இருந்தது. ஆனா இருக்கற நெலமைல எங்கன்னு சாத்தறது?

ஆஸ்பத்திரிக்குப் போனோம், மூணு பேருமா. கதவைத் திறந்தா உள்ள ஒரு சின்னப் பொண்ணு உக்காந்திருக்கா. டாக்டர் ஆதிராவாம். ஸ்ரீநிவாஸ் அவளைப் பாத்தான், அப்படியே திரும்பினான். நான் சட்டையைப் பிடிச்சு உள்ள இழுத்தேன். பரிசோதனை முடிஞ்சு வந்தப்போ அவன் முகம் சுண்டிப் போயிருந்தது. டாக்டர் சாதாரணமா கையை அலம்பிண்டு வந்து, "கிரேடு மூணு. லேசர் செய்யாம்" அப்படீன்னா. லேசர் பண்ணிடலாம்னு அர்த்தம்.

ஸ்ரீநிவாஸுக்கு அப்பதான் உயிர் வந்தது. போன்ல விளம்பரமாப் பாத்துத் தள்ளியிருக்கான். "வலியே கெடையாதாமே டாக்டர், மறுநாளே ஆபீஸ் போகலாமாமே" அப்படீங்கறான்.

டாக்டர் சிரிச்சா. "கத்தியில்லென்னே உள்ளூ, முறிவில்லென்னல்ல" அப்படீன்னா. கத்திதான் இல்லையாம், காயம் இல்லாம இல்லையாம். அப்பறம் பொறுமையா எடுத்துச் சொன்னா. மெல்லிசா நார் மாதிரி ஒண்ணை வீங்கின இடத்துக்கு உள்ள விட்டு லேசரைக் குடுப்பாளாம். அந்தச் சூட்டுல உள்ள இருக்கற ரத்தக் குழாய் சுருங்கி மூடிக்குமாம். வெட்டறது கெடையாது, பெரிய தையல் கெடையாது, ரத்தம் கம்மி, அன்னிக்கே ஆத்துக்குப் போயிடலாம். அதெல்லாம் நல்லது. ஆனா சில நாள் வலி இருக்கும், வீக்கம் இருக்கும், சில பேருக்கு ரத்தம் கசியும், அன்னிக்கு ஒண்ணுக்குப் போக முடியாமப் போனாலும் போகலாம். முத்திப்போன கேசுக்கு லேசர் போறாது, வேற ஆபரேஷன்தான். "எல்லாத்துக்கும் மேல, இது திரும்ப வரலாம். புரோட்டாவும் நாற்காலியும் பழையபடியே இருந்தா கண்டிப்பா வரும்" அப்படீன்னா. நான் ஸ்ரீநிவாஸைப் பாத்தேன். அவன் சுவத்துல இருந்த படத்தைப் பாத்தான்.

எங்காத்துக்காரர் நாகேஸ்வரன் செக்ரட்டேரியட்ல செக்‌ஷன் ஆபீசரா இருந்தவர். எந்த பைலா இருந்தாலும் ஒரு சந்தேகம் எழுதாம அனுப்ப மாட்டார். "அந்தச் சூடு பக்கத்துல வேற எதையாவது சுட்டுடாதா?"ன்னு கேட்டார்.

"நல்ல சோத்தியம். ஜாஸ்தி குடுத்தா சுடும். பக்கத்துல இருக்கற சதைக்குக் கெடுதல். அதனாலதான் அளந்து குடுக்கறோம்"னா டாக்டர். மனுஷருக்குப் பெருமை தாங்கலை. ரெண்டு நாள் ஆத்துல "நல்ல கேள்வின்னு டாக்டரே சொன்னா"ன்னு சொல்லிண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை கார்த்தால போனோம், சாயங்காலம் ஆத்துக்கு வந்துட்டோம். உள்ள இருந்தது அரை மணி நேரம். மூணு நாள் வலி இருந்தது, விளம்பரத்துல சொன்ன மாதிரி ஒண்ணும் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்துல வெட்டித் தெச்சுண்டு மூணு வாரம் குப்புறப் படுத்திண்டிருந்த எங்க அண்ணாவை நெனச்சா இது எவ்வளவோ மேல். தினம் ரெண்டு வேளை டப்புல வெந்நீர் விட்டு அதுல உக்காந்தான். பப்பாளி, கீரை, இசப்கோல். ஒதுக்கி வெக்காமச் சாப்பிட்டான்.

நான் ஒரே ஒரு உத்தரவுதான் போட்டேன். மூலம்கற வார்த்தை இந்த ஆத்து வாசப்படியைத் தாண்டப்படாது. கல்யாணத்துக்கு நிக்கற பிள்ளை. வெளில தெரிஞ்சா அவ்வளவுதான், வலியசாலையும் போயிடும். அடுத்தாத்து மாமி கேட்டப்போகூட "ஆபீஸ் விஷயமா சென்னைக்குப் போயிருக்கான்"னு சொல்லிட்டேன். அவன் உள்ள டப்புல உக்காந்திருந்தான்.

ஒன்பதாம் நாள் ஞாயித்துக்கிழமை. ஆட்டோல ஏறும்போதே ஸ்ரீநிவாஸ் சொன்னான்: "அம்மா, நீ அங்க மிண்டாதே. அப்பா பேசட்டும்." மிண்டாதேன்னா மலையாளத்துல வாயைத் தெறக்காதேன்னு அர்த்தம். பெத்த அம்மாவைப் பாத்து. ரோட்டுல பள்ளம் வரும்போதெல்லாம் ஆட்டோ கம்பியைப் பிடிச்சிண்டு எழுந்து எழுந்து உக்காந்ததால மேல ஒண்ணும் சொல்லாம விட்டேன்.

தாணுமாலயன் மாமா வாசலுக்கு வந்து கூட்டிண்டு போனார். மெலிஞ்ச தேகம், இஸ்திரி போட்ட சட்டை. ஹால்ல மர நாற்காலி, நல்ல கெட்டி மரம். ஸ்ரீநிவாஸ் அதைப் பாத்தான், ஜன்னல் பக்கமாப் போய் நின்னுண்டான்.

"உக்காருங்கோ."

"இல்லை மாமா, ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து அலுத்துப் போச்சு."

மாமா மூணு தடவை சொல்லிப் பாத்தார். அவன் அசையலை. வாழைக்காய் பஜ்ஜியும் காரச் சட்னியும் வந்தது. காரம் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கா. அவன் தட்டை நைசா அப்பாகிட்டத் தள்ளினான். அவர் ரெண்டு தட்டையும் காலி பண்ணினார்.

அப்பறம் விஷ்ணுப்ரியா காப்பி எடுத்துண்டு வந்தா. கண்ணாடி போட்டுண்டு, சாதாரண காட்டன் புடவையில, ஒரு அலட்டல் கெடையாது. அவ அப்பா நாலாவது தடவையா "உக்காருங்கோ"ன்னதுக்கு, "அவருக்கு நிக்கணும்னு தோணறது, நிக்கட்டுமேப்பா"ன்னா. எனக்கு அப்பவே பிடிச்சுப் போச்சு. அவளே போய் ஜன்னல்கிட்ட நின்னுண்டு அவன்கிட்டப் பேச ஆரம்பிச்சா. என்ன பேசினாளோ தெரியாது, என் பிள்ளையோட காது ரெண்டும் சிவந்து போச்சு. பதில்கூடச் சொல்றான். இந்தக் கல்யாணம் மட்டும் நடக்கணும்னு நான் மனசுக்குள்ள வேண்டாத தெய்வம் இல்லை.

தாணுமாலயன் மாமா தொண்டையைக் கனைச்சுண்டார். காப்பி டம்ளரை எடுத்தார், குடிக்காம வெச்சார்.

"மாமி, ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். செண்பகவல்லி இப்பச் சொல்ல வேண்டாம்னுதான் சொன்னா. எனக்கு மனசு கேக்கலை. பின்னால தெரிஞ்சு மனஸ்தாபம் வரப்படாது." அவர் குரலைத் தாழ்த்திண்டார். "பொண்ணுக்கு மூலம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்கோ. ஒன்பது நாளா எந்த வார்த்தை வெளில வந்துடுமோன்னு பயந்துண்டிருக்கேனோ, அதே வார்த்தையை அந்த மனுஷர் தன் வாயால, தன் பொண்ணைப் பத்திச் சொல்றார். முதல்ல திக்குன்னது. அப்பறம் அப்பாடான்னு இருந்தது. அதுக்கப்பறம் அந்தப் பொண்ணை நெனச்சு மனசு இளகிப் போச்சு. பாவம், அம்மா இல்லாத கொழந்தை, யார்கிட்டப் போய்ச் சொல்லிக்கும்?

"எத்தனை நாளா?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

அவர் ஒரு மாதிரி பாத்தார். "பொறந்ததுலேர்ந்தே மாமி."

பொறந்த கொழந்தைக்குக்கூட வரும்னு டாக்டர் ஆதிரா சொல்லவே இல்லையேன்னு நெனச்சுண்டேன். "ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாளே."

"கஷ்டம்தான். வெளில காட்டிக்க மாட்டா."

"யார்தான் காட்டிக்கறா? எத்தனையாவது?"

"மூணு."

மூணுன்னதும் என்னால தாங்க முடியலை. எங்காத்துக்காரர் என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டினார். பஜ்ஜி போறும்னு சொல்றார்னு நெனச்சேன்.

"பதினாலு இடம் மாமி" அப்படீன்னார் மாமா. "எல்லாரும் வந்து பாத்துப் பிடிச்சுப் போனவாதான். இதைச் சொன்ன உடனே எழுந்து போயிடுவா. ஒருத்தர் காப்பியைப் பாதில வெச்சுட்டு எழுந்துண்டார்."

எனக்கு ஆத்திரம் பொத்துண்டு வந்தது. "இது ஒரு காரணமா மாமா? அந்தக் கொழந்தை கேட்டு வாங்கிண்டு வந்தாளா இதை? யாருக்கு வேணும்னாலும் இருக்கலாம். இதுக்காக ஒரு நல்ல பொண்ணை வேண்டாம்னு எழுந்து போனவாளுக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். வெக்கப்பட வேண்டியது அவாதான், நீங்க இல்லை. தலையை நிமிர்ந்து உக்காருங்கோ சொல்றேன்."

தாணுமாலயன் மாமா மேல்துண்டால கண்ணைத் தொடச்சுண்டார். ஜன்னல்கிட்ட விஷ்ணுப்ரியா என்னையே பாத்துண்டு நின்னா. அவ முகத்துல இருந்தது என்னன்னு எனக்கு அப்பப் புரியலை.

அழற மனுஷரைத் தேத்தணுமேன்னுதான் அடுத்ததைச் சொன்னேன். வேற எந்த எண்ணமும் இல்லை.

"இவ்வளவு என்னத்துக்கு மாமா? எங்க ஸ்ரீநிவாஸுக்கும் மூணுதான்."

"அப்படியா? மாப்பிள்ளைக்கும் மூலமா?" மாமா நிமிர்ந்தார்.

"அம்மா" அப்படீன்னான் என் பிள்ளை.

"இருந்தது. இப்ப இல்லை. ஒன்பது நாள் முன்னாலதான் லேசர்ல எடுத்தாச்சு."

மாமா வாயைத் தெறந்தபடியே இருந்தார். "எடுத்துட்டேளா? மூலத்தையா?"

"அரை மணி நேரம். கார்த்தால போய் சாயங்காலம் வந்துட்டோம். டாக்டர் ஆதிரான்னு கெட்டிக்காரப் பொண்ணு. விஷ்ணுப்ரியாவுக்கும் கையோட பண்ணிடலாம்."

"பண்ணினா போயிடுமா மாமி?" அவர் கேட்ட விதத்தை நான் இன்னும் மறக்கலை. அத்தனை வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவர், ஒரு நிமிஷம் நெஜமாவே நம்பிட்டார்.

"போயிடும். ஆனா ஜாக்கிரதையா இருக்கணும். தினம் கீரை சாப்பிடணும், தண்ணி நெறையக் குடிக்கணும், முக்கப்படாது."

"முக்கவா?"

அதுக்கப்பறம்தான் விஷ்ணுப்ரியா சிரிச்சா. முதல்ல புடவைத் தலைப்பால வாயைப் பொத்திண்டா. அடங்கலை. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுண்டு கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சா. ஸ்ரீநிவாஸ் தப்பிக்க வழி தேடினான், அவ வழியை மறிச்சுண்டு நிக்கறா. கொஞ்ச நேரத்துல அவனுக்கும் சிரிப்பு வந்துடுத்து, வேற என்ன பண்ணுவான்?

"அப்பா, மாமி சொல்றது பைல்ஸ்" அப்படீன்னா மூச்சு வாங்கிண்டு. "மாமி, எனக்கு நட்சத்திரம் மூலம். மூணாம் பாதம்."

இப்பச் சொல்லுங்கோ, தப்பு யார் மேல? மலையாளத்துல நட்சத்திரம்னா மூலம், வியாதின்னா மூலக்குரு. ஒரு குருவைச் சேத்து அழகாப் பிரிச்சு வெச்சிருக்கா. நம்ம தமிழுக்கு என்ன வார்த்தைக்கா பஞ்சம்? வானத்துல இருக்கறதுக்கும் அங்க இருக்கறதுக்கும் ஒரே பேரை வெச்சது யாருன்னு தெரிஞ்சா நான் நேர்ல போய்க் கேப்பேன்.

ஆனா அந்த நிமிஷத்துல எனக்கு அதெல்லாம் தோணலை. மூல நட்சத்திரப் பொண்ணு. மாமனாருக்கு ஆகாதுன்னு சொல்லிச் சொல்லியே வளத்திருக்கா என்னை. திரும்பி எங்காத்துக்காரரைப் பாத்தேன். ஒதட்டோரத்துல சட்னியோட உக்காந்திருக்கார். எங்க பெரியம்மா பிள்ளைக்கு மூல நட்சத்திரப் பொண்ணு வந்து ஆறாம் மாசம் பெரியப்பா போயிட்டார். அவருக்கு எண்பத்தெட்டு வயசு, ரெண்டு தடவை அட்டாக் வந்தாச்சு. ஆனாலும் காரியத்துக்கு வந்தவா அத்தனை பேரும் அந்தப் பொண்ணைத்தான் பாத்தா. நானும்தான் பாத்தேன்.

நான் இப்படி யோசிச்சுண்டிருந்தது ஒரு நிமிஷம்தான் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்துல தாணுமாலயன் மாமா காலித் தட்டை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்க ஆரம்பிச்சுட்டார். பழக்கம் போல இருக்கு.

விஷ்ணுப்ரியா கண்ணைத் தொடச்சுண்டு என்கிட்ட வந்தா. "மாமி, நீங்க சொன்னதை வாபஸ் வாங்கிக்கலாம். தெரியாமச் சொன்னதுதானே, நான் தப்பா நெனச்சுக்க மாட்டேன். ஆனா பதினாலு பேர்ல ஒருத்தரும் தெரியாமக்கூட எனக்கு அப்படிச் சொன்னதில்லை."

என்னால அவ முகத்தைப் பாக்க முடியலை.

எங்காத்துக்காரர் ஒதட்டைத் தொடச்சுண்டார். "எனக்கு எழுபத்திரண்டு" அப்படீன்னார் அவளைப் பாத்து. "ஷுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், மூணும் உண்டு. இப்ப பன்னண்டு பஜ்ஜி சாப்பிட்டிருக்கேன். நான் போறதுக்கு நானே போறும்மா, இதுல நட்சத்திரத்துக்கு வேலை இல்லை."

ஸ்ரீநிவாஸ் ஜன்னல்கிட்டயே நின்னுண்டு, "எனக்குச் சம்மதம். இனிமே மறைக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை"ன்னான். சொல்லும்போது என்னை முறைச்சான், அது வேற விஷயம்.

எல்லாரும் என்னைப் பாத்தா. எனக்குப் பயமா இருந்தது. மறைச்சு என்ன ஆகப்போறது, இப்பவும் பயம்தான். அவருக்கு ஒரு தும்மல் வந்தாலும் நான் பஞ்சாங்கத்தைத் தேடற ஜாதி. ஆனா வெக்கப்பட வேண்டியது எழுந்து போனவாதான்னு அந்த ஹால்ல சத்தம் போட்டுச் சொன்னவ நான்தானே. பதினஞ்சாவதா எழுந்துக்க எனக்குக் கால் வரலை.

"இங்க பாரும்மா. நீங்க மறைக்காமச் சொன்னேள், நானும் சொல்லிடறேன்" அப்படீன்னேன் விஷ்ணுப்ரியாகிட்ட. "இவனோடது திரும்ப வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்கா."

"என்னோடது போகவே போகாது மாமி" அப்படீன்னா. இப்ப அவ சிரிக்கலை. "எந்த லேசராலயும் முடியாது. பரவாயில்லையா?"

"பரவாயில்லை"ன்னேன். குரல் நடுங்கித்து. அவளுக்கும் அது கேட்டிருக்கும். ஆனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுண்டு என் பக்கத்துல உக்காந்துண்டா.